பித்தளைக்கு வோல்ட் கிடையாது

என் மருமகப்பிள்ளை தங்கமானவர். நியூஜெர்சியில் கணினி வேலை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்து, "மாமா, பிரஷர் மாத்திரை போட்டீங்களா?" என்று விசாரிப்பார். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, ஒன்றைத் தவிர. என் சித்தப்பாவின் மேசை விளக்கை அமெரிக்காவுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று தடையுத்தரவு போட்டிருக்கிறார்.

விளக்கைக் கேட்டது என் மகள். அதன் வெளிச்சத்தில்தான் அவள் பத்தாவதும் பன்னிரண்டாவதும் படித்தாள். பிறகு அவள் அம்மா அதைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரவு பதினொரு மணிவரை தொடர்கதை படிப்பாள். அவள் போய் நான்கு வருடம் ஆகிறது. "அப்பா, அம்மா புடவை ஒண்ணும் வேணாம், அந்த லாம்ப் மட்டும் வேணும்" என்றாள் மகள். மாப்பிள்ளை குறுக்கிட்டார்: "வோல்டேஜ் வேற மாமா. அங்க 230, இங்க 120. எரியாது. எரிஞ்சாலும் டேஞ்சர். இங்க இருபது டாலருக்கு நல்ல லாம்ப் கிடைக்குது."

இருபது டாலருக்குக் கிடைக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. "எரியாது" என்பதைத்தான் மறுக்கிறேன். மாப்பிள்ளை ஒருவர் சொல்லியிருந்தால் போனிலேயே முடித்திருப்பேன். ஆனால் கடற்கரையில் காலையில் நடக்கும் எங்கள் பென்ஷன் கோஷ்டியில் இதைச் சொன்னபோது எட்டுப் பேரில் ஏழு பேர் மாப்பிள்ளை பக்கம் சாய்ந்துவிட்டார்கள். அந்த ஏழு பேருக்கும் பிள்ளைகள் வெளிநாட்டில். புதுச்சேரி அல்லவா, பாதிப் பேர் வீட்டில் பிரான்ஸ், மீதிப் பேர் வீட்டில் அமெரிக்கா. ஒரு நாட்டு விளக்கு இன்னொரு நாட்டில் எரியாது என்று இவர்கள் எல்லோரும் மனப்பூர்வமாக நம்புகிறார்கள். இது சனி மூலையில் சாமான் வைக்கக் கூடாது என்பதைப் போன்ற ஒரு நம்பிக்கை. அதில்கூட யாருக்கும் கை காலில் அடிபடாது. இதில் அடிபட்ட ஒருவரை எனக்குத் தெரியும். அவர் கதைக்குப் பிறகு வருகிறேன்.

நான் மின்துறையில் வேலை பார்த்தவனல்ல. முப்பத்துமூன்று வருடம் எழுத்தர். ஆனால் பள்ளியில் பிரெஞ்சில் பௌதிகம் படித்தவன். மின்னழுத்தத்துக்குப் பிரெஞ்சில் 'தான்சியோன்' என்று பெயர். நாம் 'டென்ஷன்' என்று சொல்கிறோமே, அதே சொல்தான். எங்கள் வாத்தியார் கரும்பலகையில் ஓம் விதியை எழுதிவிட்டு, "தான்சியோன் கம்பியில் இருக்கட்டும், உன் தலையில் வேண்டாம்" என்பார். அறுபது வருடம் கழித்து அதையே இந்த ஏழு பேருக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த விளக்கின் பூர்வோத்தரம். சித்தப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். எங்கள் தெருவில் அவருக்குப் பெயரே 'சொல்தா' தான். 1964-இல் சேவை முடிந்து வந்தபோது ஒரு தகரப் பெட்டி, இரண்டு கம்பளி, இந்த விளக்கு. பித்தளைத் தண்டு, வட்டமான கனத்த அடிப்பாகம், பச்சைக் கண்ணாடி மூடி. துலோன் நகரில் வாங்கினேன் என்பார். வந்த அன்று சாயங்காலம் குடும்பமே கூடத்தில் உட்கார்ந்திருக்க, பெருமையாகச் செருகிச் சுவிட்சைப் போட்டார். பளீரென்று நீலம் கலந்த வெள்ளையில் ஒரு மின்னல். பட்டென்று ஒரு சத்தம். அப்புறம் இருட்டு. பாட்டி, "சீமைச் சாமான் நம்ம வீட்டுக்கு ஆகல" என்று தீர்ப்பே சொல்லிவிட்டாள்.

சித்தப்பா பதறவில்லை. பல்பைக் கழற்றி, அரிக்கேன் வெளிச்சத்தில் அதன் தலையில் அச்சிட்டிருந்ததைப் படித்தார். 127 வோல்ட். அந்தக் காலத்து பிரான்சில் பல ஊர்களில் வீட்டுக்கு வந்தது 110 அல்லது 127 வோல்ட் மின்சாரம்தான். 220-க்கு மாற்றும் வேலை பல வருடங்களாகத் தெருத் தெருவாக நடந்துகொண்டிருந்தது. அதனால்தான் அப்போதைய பிரெஞ்சு ரேடியோக்களின் முதுகில் 110, 220 என்று மாற்றிக்கொள்ள ஒரு சின்னக் கட்டை இருக்கும். ரேடியோவுக்கு அது வேண்டும், ஏனென்றால் உள்ளே டிரான்ஸ்பார்மர் இருக்கிறது. விளக்குக்குள் என்ன இருக்கிறது? சித்தப்பா அன்று சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: "செத்தது பல்புடா. விளக்குக்கு ஒண்ணும் ஆகல."

மறுநாள் என்னையே கடைக்கு அனுப்பி நம் ஊர் 40 வாட் பல்பு வாங்கிவரச் சொன்னார். அமுக்கித் திருகினார், உட்கார்ந்துவிட்டது. பிரான்சிலும் அப்போது நம் ஊரைப் போலவே இரண்டு காது வைத்த பல்புதான் வழக்கம். கடைக்காரர் 'பின் டைப்' என்பார், அட்டையில் பி22 என்று போட்டிருக்கும், 22 மில்லிமீட்டர் குறுக்களவு. பிரெஞ்சில் இதற்குப் 'பையோனெத்' என்று பெயர். துப்பாக்கி முனையில் கத்தியை அமுக்கித் திருகிப் பொருத்துவார்களே, அதே முறை. சொல்தாவுக்குச் சொல்லித்தர வேண்டுமா? அன்றைக்கு எரிந்த விளக்கு 60 வருடமாக எரிகிறது. டிரான்ஸ்பார்மர் கிடையாது, கன்வெர்ட்டர் கிடையாது. ஒரு பல்பு மாற்றினார், அவ்வளவுதான்.

அந்த பல்பு ஏன் வெடித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 127-க்குச் செய்த பல்பை 230-இல் போட்டால் அழுத்தம் ஒன்றேமுக்கால் மடங்குக்குக் கொஞ்சம் மேல். ஆனால் அது இழுக்கும் சக்தி அழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, மூன்று மடங்குக்கு மேல் போகும். 60 வாட் பல்பு 200 வாட் பல்பாக எரியப் பார்க்கும். சூடேறினால் இழையின் தடை ஏறும் என்பதால் கணக்கு கொஞ்சம் குறையும், ஆனாலும் அந்த மெல்லிய இழை எத்தனை நேரம் தாங்கும்?

எதிர்ப்பக்கம் பாருங்கள். நம் ஊர் 230 வோல்ட் குண்டு பல்பை அமெரிக்காவில் 120-இல் போட்டால் வெடிக்காது, புகையாது. சிவந்த கங்கு மாதிரி மினுங்கும். வெளிச்சம் பத்தில் ஒரு பங்குதான் தேறும். நம் 'ஜீரோ வாட்' பல்பு மாதிரி. (அதற்கு ஜீரோ என்று பேர் வைத்தவரை நான் தேடிக்கொண்டிருக்கிறேன், அது 15 வாட் இழுக்கும்.) மங்கலாக எரியும் பல்புக்கு ஆயுசு கெட்டி. கலிபோர்னியாவில் லிவர்மோர் என்ற ஊரின் தீயணைப்பு நிலையத்தில் 1901 முதல் ஒரு பல்பு எரிந்துகொண்டிருக்கிறது. அதன் வெளிச்சம் இப்போது நான்கு வாட் அளவுதான் என்கிறார்கள்.

ஆக, வோல்டேஜ் பார்க்க வேண்டியது பல்புக்கு. ஹோல்டருக்கும் வயருக்கும் எழுதியிருப்பதே வேறு. இதைத்தான் ஏழு பேரும் படிக்க மறுக்கிறார்கள். எங்கள் அலுவலகத்தில் ஓர் அதிகாரி இருந்தார். நாற்பது பக்கக் கோப்பில் ஒரு இணைப்பு இல்லாவிட்டால், அந்த இணைப்பைக் கேட்க மாட்டார், கோப்பு முழுவதையும் திருப்பி அனுப்பிவிடுவார். பல்பு சரியில்லை என்று விளக்கையே தூக்கி எறிகிறவர்களைப் பார்க்கும்போது அவர் ஞாபகம்தான் வருகிறது.

நம் ஊர் ஹோல்டரைக் கையில் எடுத்து மூக்குக்கண்ணாடியோடு படியுங்கள், 250 வோல்ட் என்று இருக்கும். நம் வீட்டு வயரில் 1100 வோல்ட் என்று அச்சடித்திருக்கும். அதே மாதிரி அமெரிக்க விளக்கின் ஹோல்டரைத் திருப்பிப் பாருங்கள். 120 வோல்ட் ஊரில் விற்றதாயிற்றே, அதில் என்ன இருக்கும்? பெரும்பாலும் 250 வோல்ட் என்றே இருக்கும். அவர்களுடைய சாதாரண விளக்கு வயரில் 300 வோல்ட். அதாவது செய்தவனே இது தாங்கும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். வாங்கியவர்தான் தாங்காது என்கிறார்.

மின்னோட்டக் கணக்கும் பார்த்துவிடலாம், இதில் மாப்பிள்ளைக்கு ஒரு சின்ன நியாயம் உண்டு. அழுத்தம் பாதியானால் அதே வாட்டுக்கு இரண்டு மடங்கு ஆம்பியர் வேண்டும். 60 வாட் பல்பு இங்கே கால் ஆம்பியர் இழுத்தால் அங்கே அரை ஆம்பியர். வயர் சூடாகுமே என்று கேட்டால், அரை ஆம்பியருக்குச் சூடாகும் வயர் விளக்கு வயரே அல்ல, அதை இங்கேயே எறிந்துவிட வேண்டும். மேலும் இப்போது யார் 60 வாட் போடுகிறார்கள்? அதே வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. தருகிறது. கால் ஆம்பியர்கூட வராது.

பிரான்சுக்குப் போகிறவர்கள் கதை இதைவிடத் தமாஷ். அங்கே இன்று 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நமக்கும் 230, 50. ஒரு புள்ளி வித்தியாசம் இல்லை. ஆனாலும் கோஷ்டியில் ஒருவர், பாரிஸில் இருக்கும் மகளுக்கு இங்கிருந்து கன்வெர்ட்டர் வாங்கிக் கொண்டுபோனார். எதை எதாக மாற்ற என்று கேட்டேன். "வெளிநாடு இல்லையா முசியே?" என்றார். அங்கே மாறுவது ப்ளக் மட்டும்தான். சுவர் சாக்கெட்டிலிருந்தே எர்த் முள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், நம்முடைய தடித்த முள் அதன் ஓட்டைக்குள் போகாது. அதற்கு ஒரு அடாப்டர் போதும். அடாப்டர் முள்ளின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டேஜைத் தொடாது. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் பாதிக் குழப்பம். அடாப்டர் போட்டாயிற்று, இனி பயமில்லை என்று 120 வோல்ட் பல்போடு அமெரிக்க விளக்கை இங்கே செருகுகிறவர்களும் உண்டு. சித்தப்பா காட்டிய மின்னலை அவர்களும் பார்ப்பார்கள்.

இனி டிரான்ஸ்பார்மர் வியாபாரம். கோஷ்டியில் இன்னொருவர் மகனுக்காகக் கலிபோர்னியாவுக்கு ஒரு படிப்பு விளக்கு கொண்டுபோனார். கடைக்காரர் ஒருவர் அவரிடம், "சார், 120-ஐ 230 ஆக்க இது இல்லாம ஆகாது" என்று செங்கல் கனத்தில் ஒரு டிரான்ஸ்பார்மரைக் கட்டிக் கொடுத்துவிட்டார். 500 வாட் தாங்குமாம். எரியப்போவது 9 வாட் பல்பு! எலுமிச்சம்பழம் தூக்க மாட்டு வண்டி. விமானத்தில் எடைக்குப் பயந்து அவர் வீட்டம்மா போட்ட ஊறுகாய் பாட்டில்கள் இரண்டும் இங்கேயே நின்றுவிட்டன. அங்கே போய் வைத்ததும் அது ராத்திரி முழுக்க உர்ரென்று உறுமியது. விளக்கை அணைத்தாலும் செருகியிருக்கும்வரை வெதுவெதுப்பாகவே இருந்தது, சும்மா இருக்கும்போதும் அது கொஞ்சம் மின்சாரம் குடிக்கும். கடைசியில் மருமகள் விளக்கையும் சேர்த்துக் கார் ஷெட்டில் வைத்துவிட்டாள். அந்த ஊர்க் கடையில் ஒரு 120 வோல்ட் பல்பும், பின் டைப்பைத் திருகு டைப்பாக மாற்றும் ஒரு கட்டையும் வாங்கியிருந்தால் விஷயம் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

அதைவிட மோசம், சோப்பு டப்பா அளவில் வரும் 'டிராவல் கன்வெர்ட்டர்'. மேலே 1600 வாட் என்று பெரிய எழுத்தில் இருக்கும். கைக்கு லேசாக இருக்கிறதே என்று மகிழ்ந்துவிடாதீர்கள். 1600 வாட் தாங்கும் நிஜ டிரான்ஸ்பார்மரை ஒரு கையால் தூக்க முடியாது. இந்த டப்பா மின்சார அலையைக் கத்தரித்துக் கத்தரித்துக் கொடுத்துச் சராசரியைக் குறைக்கும். முடி உலர்த்தும் கருவி, இஸ்திரிப் பெட்டி போன்ற வெறும் சூட்டுச் சாமான்களுக்குத்தான் அது ஆகும். எல்.இ.டி. பல்புக்குள் இருக்கும் மின்னணுச் சுற்றுக்கு அது விஷம். நண்பர் ஒருவர் மகன் கொடுத்த அமெரிக்க விளக்கை இங்கே அதில் செருகினார். பல்பு இரண்டு நாள் கண் சிமிட்டியது, மூன்றாம் நாள் மூடிவிட்டது. "பாத்தியா, அமெரிக்கா லாம்ப் நம்ம ஊருக்கு ஒத்துவரல" என்று என்னிடமே வந்து சொன்னார்.

இப்போது அடிபட்டவர் கதை. என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பெயர் வேண்டாம். மகன் அமெரிக்காவிலிருந்து திரும்பி வரும்போது நின்றபடி எரியும் உயர விளக்கு ஒன்று கொண்டுவந்தான். எல்லோரையும் போல இவர்களும் வோல்டேஜுக்குத்தான் பயந்தார்கள். பக்கத்துக் கடையில் 230 வோல்ட் திருகு டைப் எல்.இ.டி. வாங்கிப் போட்டார்கள். அமெரிக்க அளவு இ26, நம்முடையது இ27, ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம், பெரும்பாலும் ஏறிவிடும். அது சரி. அப்புறம் அமெரிக்க ப்ளக்கை வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு முள் ப்ளக் ஒன்றை மாட்டினார்கள். எந்த வயரை எந்த முள்ளில் என்று யாரும் பார்க்கவில்லை. விளக்கு எரிந்தது. எரிந்தால் சரி என்று விட்டுவிட்டார்கள்.

எரிவதை வைத்து விளக்கு சரியாக இருக்கிறது என்று சொல்லவே முடியாது. திருகு டைப் ஹோல்டரில் பல்பு உட்காரும் மரை முழுவதும் உலோகம், அதிலும் மின் இணைப்பு உண்டு. அடியில் நடுவில் ஒரு நாக்கு, அது இன்னொரு இணைப்பு. கரண்ட் வரும் வயர், அதாவது பேஸ், நடு நாக்குக்குத்தான் போக வேண்டும். மரைக்கு நியூட்ரல். அமெரிக்கக்காரர்கள் இதற்காகவே ப்ளக்கின் ஒரு தகட்டை அகலமாக வைத்திருக்கிறார்கள், திருப்பிச் செருகவே முடியாது. அகலத் தகடு நியூட்ரல். அந்த ப்ளக்கை வெட்டும்போது அந்தக் காவலையும் சேர்த்து வெட்டிவிடுகிறோம். நம் இரண்டு முள் ப்ளக்கை எப்படி வேண்டுமானாலும் செருகலாம். ஒரு பக்கம் செருகினால் மரை சாது, திருப்பிச் செருகினால் அதே மரை எமன்.

இன்னொன்றும் இருக்கிறது. விளக்கிலுள்ள சுவிட்ச் நடு நாக்குக்குப் போகும் வயரை மட்டும்தான் துண்டிக்கும். ப்ளக் திருப்பிச் செருகியிருந்தால், சுவிட்சை அணைத்த பிறகும் மரையில் 230 வோல்ட் அப்படியே நிற்கும். விளக்கு அணைந்துவிட்டது, நமக்குத் தைரியம் வந்துவிடும். நண்பரின் மனைவி அப்படித்தான் விளக்கை அணைத்துவிட்டு, ஸ்டூலில் ஏறி, ஈரத் துணியோடு துடைக்கப் பல்பைத் திருகினார். சுவர் சுவிட்சை அணைக்கவில்லை. பாதி கழன்ற பல்பின் உலோகத்தில் விரல் பட்டது. தூக்கி எறிந்தது. கீழே விழுந்ததால்தான் பிழைத்தார், மணிக்கட்டோடு போயிற்று. அறுபத்தெட்டு வயதில் ஆறு வாரம் மாவுக்கட்டு. நான் பார்க்கப் போனபோது நண்பர் சொன்னார்: "வோல்டேஜ் மாத்தித்தானே போட்டோம்!"

அந்த வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுத உட்கார்ந்தேன். எதற்குப் பயப்பட வேண்டுமோ அதற்குப் பயமில்லை. வோல்டேஜ், வோல்டேஜ் என்று கூச்சல் போட்டதில் ப்ளக்கை ஒருவரும் பார்க்கவில்லை. வோல்டேஜ் தவறினால் விளக்கில் ஒரு பல்பு போகும். ப்ளக் தவறினால் ஆள் போவார்.

செய்ய வேண்டியது என்னவோ பெரிய வித்தையல்ல. அமெரிக்க விளக்கு வயரைத் தடவிப் பாருங்கள். ஒட்டியிருக்கும் இரண்டு வயரில் ஒன்று வழவழப்பாக இருக்கும், மற்றொன்றில் நீளவாக்கில் மெல்லிய வரிகள் கைக்குத் தட்டுப்படும். வரி உள்ளது நியூட்ரல், மரைக்குப் போவது. ஹோல்டரைத் திறந்தால் அங்கேயும் அடையாளம் வைத்திருக்கிறார்கள், வெள்ளி நிறத் திருகு நியூட்ரல், பித்தளை நிறத் திருகு பேஸ். இரண்டு முள் ப்ளக்கை ஒதுக்கிவிட்டு மூன்று முள் ப்ளக் போடுங்கள், அதைத் திருப்பிச் செருக முடியாது. விளக்கின் உடம்பு உலோகமாக இருந்தால் வயரையே மூன்று இழை வயராக மாற்றி, உடம்பை எர்த்தில் சேர்த்துவிடுங்கள். எலக்ட்ரீஷியன் "எதுக்கு சார், சும்மா லாம்ப்தானே" என்பார். என்றால் என்ன, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து செய்ய வையுங்கள். பென்ஷன்காரனுக்கு வேறு என்ன வேலை?

இரண்டு காது பல்புக்கு இந்த வம்பு குறைவு. ஹோல்டரின் வெளி உலோகத்தில் இணைப்பே இல்லை, இரண்டு இணைப்பும் உள்ளே இரண்டு சின்ன முளைகளில். அதற்காக வெறும் ஹோல்டருக்குள் விரலை விடலாம் என்று சொல்லவில்லை. எடிசன் திருகுக்கு வெளியே இன்னொரு வழியும் உலகத்தில் இருந்தது என்று மட்டும் சொல்கிறேன். 120 வோல்ட் பழக்கமே அவரிடமிருந்து வந்ததுதான். 1882 செப்டம்பர் 4 அன்று நியூயார்க்கில் பேர்ல் தெருவில் அவர் மின் நிலையம் தொடங்கியபோது, அவருடைய கரி இழை பல்புகளுக்கு ஏற்றபடி சுமார் 110 வோல்ட் வைத்தார். பல்புக்காக வோல்டேஜ் வைத்தார்கள். இப்போது வோல்டேஜுக்காக விளக்கை எறியச் சொல்கிறார்கள்.

மாப்பிள்ளை இதைப் படிப்பார், அதனால் அவருக்கு நியாயமாகவும் எழுதுகிறேன். வோல்டேஜ் உண்மையாகவே பார்க்க வேண்டிய விளக்குகள் உண்டு. தொட்டால் எரியும் விளக்கு, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டர் வைத்த விளக்கு, உள்ளே டிரான்ஸ்பார்மர் வைத்து 12 வோல்ட் ஹாலஜன் பல்பு எரிக்கும் விளக்கு. அமெரிக்காவுக்கென்று செய்த இவற்றை இங்கே செருகினால் உள்ளே இருப்பது கருகிவிடும். சோக் வைத்த பழைய டியூப் லைட்டும் அப்படித்தான், அதற்கு வோல்டேஜ் மட்டுமல்ல, 50 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸா என்பதும் கணக்கு. அந்த வித்தியாசத்தை டிரான்ஸ்பார்மரும் மாற்றாது. ஜப்பானில் 100 வோல்ட், அதிலும் டோக்கியோ பக்கம் 50, ஒசாகா பக்கம் 60. ஒரே நாட்டுக்குள் அந்தக் கூத்து. அமெரிக்காவில் கிறிஸ்துமஸுக்குக் கட்டும் சீரியல் செட்டை இங்கே போட்டால் ஒரே நொடியில் தீபாவளி. நம் செட்டை அங்கே போட்டால் அழுது வடியும். இதையெல்லாம் நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தண்டு, மூடி, ஹோல்டர், வயர், சுவிட்ச் என்று மட்டும் உள்ள சாதாரண மேசை விளக்கு இந்தப் பட்டியலில் எங்கே வருகிறது?

போன வாரம் மாப்பிள்ளை கடைசி அஸ்திரத்தை எடுத்தார். இன்ஷூரன்ஸ். "மாமா, இங்க யூ.எல். முத்திரை இல்லாத சாமான வெச்சு ஏதாவது ஆச்சுன்னா பெரிய தலைவலி." இது அசட்டுக் காரணமல்ல. வீட்டில் என் இரண்டு பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், நெருப்பைப் பற்றி அவர் பயப்படுவதை நான் பரிகாசம் செய்ய மாட்டேன். அதனால் ஒரு வழி சொன்னேன். இங்கே வயர், ஹோல்டர், சுவிட்ச் எல்லாவற்றையும் கழற்றி எடுத்துவிடுகிறேன். வெறும் தண்டும் மூடியும் வரும். அங்கே அந்த முத்திரை போட்ட ஹோல்டர், வயர், அகலத் தகடு ப்ளக், பல்பு எல்லாம் அந்த ஊர்க் கடையில் வாங்கி, விளக்கு பழுது பார்க்கிறவரிடம் கொடுத்து மாட்டட்டும். கரண்ட் ஓடும் ஒவ்வொரு அங்குலமும் அமெரிக்காவாக இருக்கும். மிச்சமிருப்பது துலோன் பித்தளையும் பச்சைக் கண்ணாடியும். பித்தளைக்கு ஏது வோல்ட்?

போனில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "சரி மாமா, டிசம்பர்ல வரும்போது பாக்கலாம்" என்றார். அரசாங்க அலுவலகத்தில் 'பார்க்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். நான் காத்திருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கழற்றச் சொல்லிவிட்டேன். தண்டுக்குள்ளிருந்து பழைய துணி சுற்றிய வயர் வந்தது, தொட்ட இடமெல்லாம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அறுபது வருடமாக அதை ஒருவரும் மாற்றவில்லை. வோல்டேஜ் பற்றி ஊருக்கே உபதேசம் செய்கிற நான் உட்பட. அதோடு என் மனைவி எத்தனை ராத்திரி படித்திருக்கிறாள் என்று நினைத்தபோது எனக்குக் கை கொஞ்சம் நடுங்கியது. மாப்பிள்ளையிடம் இதை இன்னும் சொல்லவில்லை. இங்கே படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறேன். கண்ணாடி மூடி இரண்டு கதர்த் துண்டில் சுற்றி, கட்டிலுக்கடியில் பெட்டிக்குள் இருக்கிறது. எடை போட்டுப் பார்த்தேன், இரண்டே கால் கிலோ. ஊறுகாய்க்கு இடம் இருக்கிறது.